சுடலைமணி தூக்க வந்த எடை

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என்னிடம் கேட்டது ஓர் அட்டவணை. கராத்தே படிக்கிறவர்களை வாரத்தில் எத்தனை நாள் பளு தூக்க வைக்கலாம், எதற்கு முன்னால் எது, நடுவில் எவ்வளவு ஓய்வு. செல்போனைத் தட்டினால் இதற்கு நூறு அட்டவணை வரும். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். அதற்காக, ஓய்வுபெற்று வீட்டில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருக்கிறவளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

கேட்டுவிட்டீர்கள், எனக்கும் கை அரிக்கிறது. அட்டவணை பக்காவாக இருந்தும் நான் கோட்டைவிட்ட கதை ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. நீங்கள் அதையே செய்யாமல் இருந்தால் போதும்.

மில்லர்புரத்தில் நம் பயிற்சிக் கூடம் அப்போது ஒரு தகரக் கொட்டகை. நடுவில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் மாஸ்டரின் கராத்தே, இந்தப் பக்கம் என்னுடைய பளுக் கம்பிகள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்துவிட்டு வந்தவள் என்பதால் எல்லோருக்கும் நான் டீச்சர். மாஸ்டரின் பெயரை எழுதக் கூடாது என்பது அவருடைய உத்தரவு, அதனால் மாஸ்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார். பதினோரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். வரும்போது ‘வாங்க டீச்சர்’, போகும்போது ‘வாரேன் டீச்சர்’, அவ்வளவுதான்.

எங்கள் இருவரிடமும் இருந்தது பெரும்பாலும் ஒரே ஆட்கள். அவர் பிழிந்து என் பக்கம் அனுப்புவார். நான் பிழிந்து வீட்டுக்கு அனுப்புவேன். யார் எவ்வளவு பிழிந்தோம் என்று ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்காமல் இருப்பதுதான் தொழில் மரியாதை என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரேஸ்புரத்து ரெஜினா எனக்கு முன்கூட்டியே ஒரு பாடம் நடத்தினாள். மீன் வியாபாரம் செய்கிறவள், நாற்பது வயதில் கராத்தே படிக்க வந்தவள். முதல் நாள் அவள் கைக்கு ஒன்றாக இரண்டு கனத்த இரும்புக் குண்டுகளைக் கொடுத்து, கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கச் சொன்னேன். அவள் நடக்காமல் நின்று சிரித்தாள்.

“டீச்சர், ஐஸ் பெட்டியத் தூக்கிட்டு நடந்து நடந்து காலு ஓஞ்சு போய்த்தான் இங்கன வந்திருக்கேன். நீங்க இங்கனயும் பெட்டியக் கையில குடுக்கிய.”

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அவளுக்கு மட்டும் பயிற்சியை மாற்றினேன். ‘இங்கே வருவதற்கு முன்னால் என்ன செய்துவிட்டு வருகிறாய்’ என்று மற்றவர்களிடமும் கேட்க வேண்டும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. ரெஜினா சொன்னதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் சுடலைமணி என் பக்கம் வந்தான். என் கடைசித் தம்பி வயது, அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன், அவன் ஒன்றும் நினைக்க மாட்டான். துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பிகளால் இழுத்து இறுக்குகிற வேலை. மாஸ்டரிடம் ஏழு வருடமாகக் கராத்தே படித்து பிரவுன் பெல்ட் வாங்கியிருந்தான். சண்டையில் ஒரு தடவை மூக்குடைந்து, அது கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. சாந்தமான ஆள். அவன் குத்து எதிரியின் சட்டையைத் தொட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவதுபோல இருக்கும்.

“டீச்சர், எனக்கு நல்லாத் தூக்கத் தெரியணும்” என்றான்.

“எதுக்கு?”

“பிளாக் பெல்ட் பரீட்சை வருதுல்லா, அதுக்குத்தான்.”

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கம்பிகளைப் பார்த்தான். நான் நோட்டை எடுத்து அவன் பெயரை எழுதி, நோக்கம் என்ற இடத்தில் பிளாக் பெல்ட் என்று எழுதினேன். அத்தோடு அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது முடிந்துவிட்டது என்று நோட்டை மூடினேன்.

ஆறு மாதம் அருமையாகப் போனது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டினேன், அவனும் ஒரு வார்த்தை பேசாமல் தூக்கினான். நம் தொழிலில் இப்படி ஒருவன் கிடைத்துவிட்டால் நமக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். அவன் நோட்டுப் பக்கத்தை மற்றவர்களிடம் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். ஆவணி கடைசியில் திடீரென்று எடை ஏற மறுத்தது. புரட்டாசி பிறந்ததும் இறங்கவே ஆரம்பித்தது.

“ஏலே, ராத்திரி ஒழுங்காத் தூங்குதியா, செல்லு பாத்துட்டுக் கெடக்கியா?” என்று கேட்டேன்.

“தூங்குதேன் டீச்சர்” என்று சிரித்தான். கன்னம் ஒட்டியிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. செருப்பில்லாமல் வந்து செருப்பில்லாமல் போனான்.

வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் நேர்ந்துகொண்டு வேடம் கட்டுவார்கள். அதிலே காளி வேடம் கட்டுகிறவர்களுக்குத்தான் விரதம் கடுமை. நாற்பது நாளுக்கு மேல் மாலை போட்டு, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, தாடியும் வெறுங்காலுமாக இருக்க வேண்டும். புரட்டாசியில் அப்படி ஒருவன் எதிரே வந்தால் இந்த ஊரில் எல்.கே.ஜி. படிக்கிற குழந்தைகூடச் சொல்லிவிடும். எனக்குத் தெரியவில்லை. நான் அவனைப் பார்க்கவே இல்லை, அவன் தூக்குகிற கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. துறைமுகத்தில் வேலை முடித்து நேராகக் கராத்தேக்கு வந்தான். பரீட்சை நெருங்குகிறது என்று மாஸ்டர் அன்றைக்குக் குதிரை நிலையில், அதுதான் காலை அகட்டி முழங்காலை மடக்கித் தாழ நிற்பது, வெகு நேரம் நிற்க வைத்திருக்கிறார். எனக்குத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவர் எண்ணுவது காதில் விழுந்தது. விழுந்தும் என்ன? நனைந்த துணி மாதிரி அவன் என் பக்கம் வந்தபோது, நோட்டைப் பார்த்து, போன வாரத்தைவிடக் கூடுதலான எடையைக் கம்பியில் மாட்டினேன்.

“டீச்சர், இன்னைக்கு வேண்டாமே” என்றான்.

ஏழு மாதத்தில் அவன் சொன்ன முதல் ‘வேண்டாம்’ அது. தங்கங்களே, இந்த ஒரு இடத்தை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒருபோதும் மறுக்காத ஒருவர் முதல் தடவையாக மறுத்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “பரீட்சையில வந்தும் வேண்டாம்னு சொல்லுவியோ?” என்று கேட்டேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பேச்சு! இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குனிந்து தூக்கினான். கம்பி முழங்கால்வரை வந்தது. அதன்பின் அவனிடமிருந்து ஒரு சின்னச் சத்தம், கம்பி விழுந்தது, அவனும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தபோது பனியன் ஏறி, உள்ளே மறைத்துப் போட்டிருந்த மாலை தெரிந்தது.

ரெஜினா அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். “ஏ டீச்சர், அவரு காளிக்கு மாலை போட்டிருக்காரு. ஒரு நேரஞ்சோறுதான். ஒரு மாசமாத் தாடியும் வெறுங்காலுமா வாராரு, ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் தூக்கச் சொல்லுதியன்னுல்லா நெனச்சேன்.” அவள் மாதா கோயிலில் வளர்ந்த பெண். அவளுக்குத் தெரிந்திருந்தது.

டாக்டரிடம் கொண்டுபோனோம். நல்லவேளை, எலும்பில் ஒன்றுமில்லை, தசைப் பிடிப்புதான். ஒரு வாரம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும், எதையும் தூக்கக் கூடாது, மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றார். சுடலைமணி அதைக் கேட்டுவிட்டு, ‘இன்னும் பதினாலு நாளுதான் இருக்கு சார்’ என்று சொல்லி அழ ஆரம்பித்தான். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும்தான். அவன் மனைவி பேச்சியம்மாள் அதற்குள் வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் அவனைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு அவள்தான் ஆரம்பித்தாள்.

“போன வருசம் கோயில் வாசல்ல வச்சு பிள்ள கைய விட்டு நழுவிட்டா டீச்சர். நான் ஓடிப்போயிப் பிடிச்சேன். அதுலயிருந்து இவுக மனசு சரியில்ல.”

மிச்சத்தை அவன் சொன்னான். “எம்புள்ள முத்து குறை மாசத்துல பொறந்தா டீச்சர். ஒண்ணேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தா. தொடக் கூடாதுன்னுட்டாவ. நாப்பது நாளு வெளிய நின்னே பாத்தேன். தாயே, இவளக் கையில தூக்கதுக்கு எனக்குக் குடு, ஆறு வருசம் ஒன் வேசம் கட்டி, இவளத் தூக்கிட்டு ஒன் வாசலுக்கு வாரேன்னு நேந்துக்கிட்டேன். மொத வருசம் பூ மாதிரி இருந்தா. வருசா வருசம் கனம் கூடிட்டே வருது. இது ஆறாவது வருசம். இப்ப பத்தொம்பது கிலோ.”

நான் வாரா வாரம் எடை கூட்டிக்கொண்டிருந்தேன், பெரிய வித்தைக்காரி மாதிரி. அவன் வீட்டில் ஒருத்தி ஐந்து வருடமாகக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைத் தூக்கத்தான் அவன் என்னிடம் வந்தான். முந்தைய வருடங்களில் விரதம் ஆரம்பித்ததும் கராத்தேக்கு லீவு சொல்லிவிடுவானாம். இந்த வருடம் நடுவில் விட்டால் சேர்த்த பலமெல்லாம் போய்விடுமே என்ற பயத்தில், விரதத்தையும் கராத்தேயையும் பளுவையும் கப்பல் வேலையையும் சேர்த்து இழுத்திருக்கிறான்.

“என்னட்ட ஏன்ல சொல்லல?”

“நீங்க வேதக்காரங்க. கோவிச்சுக்கிடுவியளோன்னு...” என்று இழுத்தான்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் நாசரேத்துப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். எங்கள் வீட்டில் ஜெபம் இல்லாமல் சோற்றில் கை வைத்ததில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகக் கடவுளிடம் மன்றாடினால் எனக்கா கோபம் வரும்? ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன்மேல் தப்பில்லை. ஏழு மாதத்தில் எடையைத் தவிர வேறு எதையும் நான் அவனிடம் பேசியதில்லை. சொல்லலாம் என்று தோன்றுகிற மாதிரி என் முகம் இருந்திருக்காது. பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன் மாஸ்டரின் பக்கம் போனேன். பதினோரு வருடத்தில் அந்தத் தடுப்பைத் தாண்டி நான் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவரும் தன் நோட்டை எடுத்துவந்தார். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். அவர் கடுமையாக வேலை வாங்கிய நாளெல்லாம் நானும் கடுமையாக வாங்கியிருந்தேன். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

மாஸ்டர் இரண்டு பக்கத்திலும் விரலை ஓட்டிப் பார்த்தார். “ஒரே ஆள ரெண்டு பேருமாச் சேந்து பிழிஞ்சிருக்கோம் டீச்சர்” என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி என்ன செய்வது? ‘இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுவது எங்கள் இருவருக்கும் சௌகரியம். ஏதாவது ஆனால் எங்கள் பெயர் கெடாது. நான் அதைத்தான் சொன்னேன். கிரீடம், முதுகில் கட்டுகிற மரக் கைகள், சலங்கை எல்லாம் சேர்ந்தே ஒரு மூட்டைக் கனம் இருக்கும், அதற்கு மேல் பிள்ளை, அடிபட்ட இடுப்பு, பிள்ளையைக் கீழே போட்டுவிட்டால் அவன் உயிரோடு இருக்க மாட்டான் என்றேன்.

“நாம வேண்டாம்னு சொன்னாலும் தூக்குவான் டீச்சர்” என்றார் மாஸ்டர். “நம்மளுக்குத் தெரியாமத் தூக்குவான்.”

ஒருவரைத் தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு தடுப்பது, பொறுப்பிலிருந்து நழுவுவதுதான். கூட நிற்பது என்று முடிவு செய்தோம். ஒரு வாரம் அவன் இரண்டு பக்கமும் தலைகாட்டக் கூடாது. பரீட்சை இந்தத் தடவை கிடையாது. அதன் பிறகு டாக்டர் சரி என்றால், அவனது ஒரு வேளைச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து வரட்டும், இருவரும் சேர்ந்தே பார்ப்போம். பேச்சியம்மாள் அந்த ஒரு வேளையிலேயே பருப்பும் தேங்காயும் வாழைப்பழமும் கூட்டினாள். தண்ணீர் குடிக்க விரதத்தில் தடையில்லை என்று அவர்கள் தசராக் குழுத் தலைவரிடமே கேட்டு வந்தாள். விரதத்தை விடு என்று நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர், மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள் என்றார். அன்றைக்கு முத்துவையே கூட்டிவரச் சொன்னேன். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. என் குண்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் காலால் உருட்டிப் பார்த்தாள். சுடலைமணி அவளைத் தூக்கினான். எந்தச் சிரமமும் இல்லை. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், மூச்சுகூட வாங்கவில்லை. அவன் என் கம்பியில் அதைப்போல நான்கு மடங்கு தூக்கியவன். இதற்கா ஏழு மாதம்?

அப்படியானால் போன வருடம் பிள்ளை ஏன் நழுவியது? அதை அவளிடமே கேட்டேன். அதுவரைக்கும் அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

முத்து அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள். “அது அப்பா இல்ல டீச்சர். காளி. நான் தள்ளிவிட்டுட்டு எங்கப்பாவத் தேடுனேன்.”

மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் சுடலைமணிக்குக் கேட்டுவிட்டது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கறுத்த முகம், வெளியே தொங்குகிற சிவப்பு நாக்கு, கோரைப் பல், விரிந்த சடை. ஐந்து வருடமாக அந்தப் பிள்ளையை எதுவோ ஒன்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. சின்னதாக இருந்தவரை பயந்து ஒடுங்கிக் கிடந்திருக்கிறாள். கொஞ்சம் பலம் வந்ததும் இரண்டு கையாலும் தள்ளியிருக்கிறாள். வேடம் கட்டிவிட்டால் அவன் ஊருக்கு அம்மன். ‘நான்தாம்மா அப்பா’ என்று சொல்ல முறையும் இல்லை, நாக்கை மாட்டியபின் பேச்சும் வராது. வேடச் சாமான்களை முன்னாலேயே மாட்டிக் காட்டிப் பயம் தெளிவிக்கலாமா என்றால், அது கூடவே கூடாதாம்.

நான் கைவிரித்து உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் அவர் வகுப்பிலிருந்து பத்துப் பேரைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். நடுவில் சுடலைமணி. முத்துவின் கண்ணை ஒரு வெள்ளை பெல்ட்டால் கட்டினார். “எல்லாரும் கராத்தே மூச்சு விடுங்க. பாப்பா, ஒங்கப்பா எங்கன நிக்காருன்னு காதால கண்டுபிடி.”

முதல் தடவை ரெஜினாவின் வயிற்றில் காதை வைத்து “இது அத்தை” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை ஆட்களை இடம் மாற்றி நிறுத்தியும் நேராகப் போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“இதான் எங்கப்பா. மூக்குல விசில் வருது.”

உடைந்து கோணலாகச் சேர்ந்த அந்த மூக்கு! ஏழு வருடக் கராத்தே அவனுக்குக் கொடுத்ததில் ஆழமான, ஒரே சீரான மூச்சு ஒன்று, அந்த விசில் ஒன்று. இரண்டையும் எந்தச் சாயத்தாலும் மறைக்க முடியாது. அன்றிலிருந்து ஐந்து நாளும் ஒரே பயிற்சிதான். அவன் தூக்கிக்கொண்டு நடப்பான், அவள் கண்ணை மூடி அவன் நெஞ்சில் காதை வைத்து மூச்சை எண்ணுவாள். தூக்கப்படுகிறவருக்கும் பயிற்சி வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலை இடுப்பில் கோத்து, கையைக் கழுத்தில் பூட்டி, தன் கனத்தை அவன் மேல் ஒட்டவைக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நூறு வரைக்கும் தெரியும் என்று சொல்லியிருந்தாள். முப்பத்தொன்பதுக்கு அப்புறம் அறுபது வரும், நாங்கள் யாரும் திருத்தவில்லை.

ஒரு ஒப்பந்தமும் செய்துகொண்டோம். மூச்சு மாறினால் முத்து மாஸ்டரைத் திரும்பிப் பார்க்க வேண்டும், மாஸ்டர் வந்து வாங்கிக்கொள்வார். சுடலைமணியிடம் இதைச் சொன்னபோது தலையாட்டினான். பிள்ளையைவிட நேர்ச்சை பெரிதில்லை என்று அவன் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

தசரா அன்று மத்தியானம் குலசேகரன்பட்டினத்தில் மணல் கொதித்தது. ஊருக்கு வெளியிலேயே காரை நிறுத்தி, செருப்பை அதிலே விட்டுவிட்டு, நானும் மாஸ்டரும் ரெஜினாவும் கூட்டத்தில் நுழைந்தோம். கடற்கரையிலிருந்து கோயில் வாசல்வரை நேர்ச்சை. எங்கு பார்த்தாலும் மேளம், குரங்கு வேடம், போலீஸ் வேடம், ராஜா வேடம். அவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த முகத்தில் நான் ஏழு மாதம் பார்த்த ஆள் இல்லவே இல்லை. நானே ஓர் அடி பின்னால் போனேன். அப்புறம் அந்தக் கழுத்தில் இரட்டைச் சடை தெரிந்தது.

முத்து கண்ணை இறுக்க மூடியிருந்தாள். காது அவன் நெஞ்சில், உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவன் நடந்தான். காலை உதறாமல், அடியை மாற்றும்போது உடம்பு ஏறி இறங்காமல், மாஸ்டர் சொல்லிக்கொடுத்த நடை. முதுகு நான் சொல்லிக்கொடுத்த முதுகு. இரண்டும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாதி வழியில் கூட்டம் அவனை நிறுத்திவிட்டது. பெண்கள் வரிசையாகக் காலில் விழுந்து, தாயே, குங்குமம் வை என்று கேட்டார்கள். கனத்தோடு நடப்பதைவிட நிற்பது கஷ்டம், உங்களுக்குத் தெரியும். வெயில், வெறும் வயிறு, கிரீடம். அவன் தோள் லேசாக ஆடுவதைப் பார்த்தேன். முத்துவின் உதடு நின்றது. கண்ணைத் திறந்து, தலையைத் திருப்பி, மாஸ்டரைப் பார்த்தாள்.

நான் பாய்ந்துவிட்டேன். மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, “பொறுங்க டீச்சர். காலப் பாருங்க” என்றார்.

சுடலைமணியின் பாதம் மணலில் மெல்ல அகன்றது. முழங்கால் கொஞ்சம் மடங்கியது. அந்தச் சனிக்கிழமை நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் அசட்டையாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதே குதிரை நிலை. இடுப்பு இறங்கி நிலைத்தது. தோள் ஆட்டம் நின்றது. மாஸ்டர் முத்துவைப் பார்த்து, ‘கேள்’ என்று தன் காதைத் தொட்டுக் காட்டினார். அவள் எங்களைப் பார்த்தாள், பிறகு தலைக்கு மேலே இருந்த அந்தக் காளியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி நெஞ்சில் காதை வைத்தாள். உதடு அசைய ஆரம்பித்தது.

முடிவைச் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்று. அந்தப் பிளைவுட் தடுப்பை நாங்கள் அடுத்த மாதமே கழற்றிவிட்டோம். நீங்கள் இன்றைக்குப் பளு பக்கத்திலிருந்து கராத்தே பக்கத்தைப் பார்க்க முடிகிறதே, அது அதனால்தான். சுடலைமணி அடுத்த பரீட்சையில் பிளாக் பெல்ட் வாங்கினான். புதிதாக யார் வந்தாலும் நோட்டைத் திறக்கும் முன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இங்கே வருவதற்கு முன்னால் என்ன செய்துவிட்டு வருகிறீர்கள், எதைத் தூக்க வேண்டும். பதில் சொல்லும்போது அவர்கள் கம்பியைப் பார்த்தால், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேளுங்கள்.

கோயில் வாசலுக்கு அவன் வந்து சேர்ந்தபோது நாங்கள் பக்கத்தில் நின்றிருந்தோம். ஆறு வருட நேர்ச்சை முடிந்தது. பேச்சியம்மாள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் மெதுவாகக் குனிந்து பிள்ளையை இறக்கிவிடப் போனான். முத்து இறங்கவில்லை. கோத்திருந்த காலை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தாயே, தாயே என்று கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“நான் இன்னும் எண்ணி முடிக்கலப்பா.”

வாயில் நாக்கு மாட்டியிருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. நிமிர்ந்து, அவளை ஒரு தடவை சரியாக ஏந்திக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தான்.